பச்சை விளக்கு எரிந்தால் போதாது: ட்ரோனின் டெலிமெட்ரி ரேடியோவை அமைக்கும் முறை

ஒரு நாள் காலை என் விமானம் இறக்கைகூட மாட்டாமல் விரிப்பின் மேல் கிடந்தது. மடிக்கணினித் திரையில் பார்த்தால் தொடுவானக் கோடு இடப்பக்கம் சாய்கிறது, நிமிர்கிறது, மறுபடி சாய்கிறது. உயரம் 80 மீட்டர் என்று காட்டுகிறது. பேட்டரி 23 வோல்ட். நான் வைத்திருந்ததோ 4 செல் பேட்டரி, அது 17 வோல்ட்டைக்கூடத் தொடாது. விமானத்தின் நிலவரத்தை மடிக்கணினிக்குக் கொண்டுவரும் டெலிமெட்ரி ரேடியோவின் பச்சை விளக்கு மட்டும் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. திடலின் மறுமுனையில் வேறொருவர் பறக்கவிட்டுக்கொண்டிருந்த விமானத்தோடு என் தரை ரேடியோ பேசிக்கொண்டிருக்கிறது என்று புரிய எனக்குச் சில நொடிகள் பிடித்தன.

இரண்டு பேருமே ரேடியோவைப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே மாட்டியிருந்தோம். சிக் (SiK) என்ற மென்பொருள் ஓடும் ரேடியோக்களில், எந்த ரேடியோ எதனோடு பேச வேண்டும் என்று அடையாளம் சொல்லும் நெட் ஐடி என்ற எண் 25 ஆகத்தான் வரும். விமானத்தை ஓட்டும் சிறு கணினியான ஆட்டோபைலட்டிலும் இருவருக்கும் விமான எண் 1. அந்த நேரத்தில் நான் பறக்கும் முறையை மாற்றும் பொத்தான் ஒன்றைத் தொட்டிருந்தால், கட்டளை நேராக அந்த விமானத்துக்குப் போயிருக்கும். உடனே என் ரேடியோவின் யுஎஸ்பி வயரைப் பிடுங்கிவிட்டு அவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அன்றிலிருந்து புது ரேடியோ எதையும் நான் அப்படியே மாட்டுவதில்லை.

இங்கே நான் சொல்வதெல்லாம் சிக் மென்பொருள் ஓடும் ரேடியோக்கள், ஆர்டுபைலட் மென்பொருள் ஓடும் ஆட்டோபைலட், மிஷன் பிளானர் என்ற தரை மென்பொருள் ஆகியவற்றை வைத்து. வேறு ரேடியோ வைத்திருப்பவர்களுக்கு மெனுவும் பெயரும் மாறும், அடிப்படை மாறாது.

முதலில் பெட்டியிலிருந்து எடுத்ததும்

ஆன்டெனாவை மாட்டாமல் ரேடியோவுக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். வெளியே போக வழியில்லாத சக்தி திரும்பி வந்து, அனுப்பும் பகுதியைப் பழுதாக்கிவிடும். ஆன்டெனாவைத் திருகும்போது இன்னொன்றையும் பாருங்கள். எஸ்எம்ஏ, ரிவர்ஸ் எஸ்எம்ஏ என்று இரண்டு வகை இணைப்பு உண்டு. இரண்டுக்கும் மரை ஒன்றுதான், அதனால் தவறான ஜோடியும் நன்றாகவே திருகிக்கொள்ளும். ஆனால் நடுவில் இருக்க வேண்டிய ஊசி இரண்டு பக்கமும் இல்லாமல் போய்விடும். அப்படி மாட்டிய ரேடியோ மேஜை மேல் அருமையாக வேலை செய்யும், திடலில் சிறிது தூரம் போனதும் அறுந்துவிடும். திருகும் முன் இரண்டு முனையையும் கண்ணால் பார்த்துவிடுங்கள்: ஒன்றில் ஊசி, மற்றதில் துளை இருக்க வேண்டும்.

அலைவரிசை விஷயம் சுருக்கமாக. 433, 868, 915 மெகாஹெர்ட்ஸ் என்று மூன்று வகை ரேடியோக்கள் அதிகம் புழங்குகின்றன. எது அனுமதி, எவ்வளவு சக்தி அனுமதி என்பதை ஒவ்வொரு நாடும் தனித்தனியாக வைத்திருக்கிறது. நீங்கள் பறக்கும் நாட்டின் விதியைப் பார்த்து வாங்குங்கள், அதன்படி குறைந்தபட்ச, அதிகபட்ச அலைவரிசையையும் சக்தியையும் ரேடியோவுக்குள் பதியுங்கள். ஆன்டெனாவும் அதே அலைவரிசைக்கு உரியதாக இருக்க வேண்டும். கால் அலை நீளம் 433-க்கு சுமார் 17 சென்டிமீட்டர், 915-க்கு சுமார் 8 சென்டிமீட்டர். கையில் பிடித்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

அப்புறம் இரண்டு ரேடியோவையும் ஒவ்வொன்றாக யுஎஸ்பி வழியாகக் கணினியில் இணைத்து, இரண்டிலும் ஒரே பதிப்பு மென்பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். நெட் ஐடி, ஏர் ஸ்பீடு (விமானத்தின் வேகம் அல்ல, ரேடியோக்கள் காற்றில் தகவல் அனுப்பும் வேகம்), குறைந்தபட்ச அலைவரிசை, அதிகபட்ச அலைவரிசை, சேனல் எண்ணிக்கை, இசிசி எனப்படும் பிழைதிருத்தம் ஆகிய ஆறும் இரண்டு பக்கமும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் பச்சை விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும், நிலைக்காது. அனுப்பும் சக்தியும் சீரியல் வேகமும் (ரேடியோவுக்கும் அது மாட்டியிருக்கும் கருவிக்கும் நடுவே வயரில் தகவல் ஓடும் வேகம்) இரு பக்கமும் வேறாக இருந்தால் பரவாயில்லை.

நெட் ஐடியை 25-இல் விடாதீர்கள். எனக்கு ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் எண். அதை ரேடியோ மேல் ஒட்டியிருக்கிறேன், தரை ரேடியோ மேலும் ஒட்டியிருக்கிறேன். அந்த எண்ணை வைத்துத்தான் ரேடியோ சேனலுக்குச் சேனல் தாவும் வரிசையையும் தீர்மானிக்கிறது. அதனால் எண் வேறானால் அடையாளத்தோடு தாவும் பாதையும் பிரிந்துவிடும். ஆட்டோபைலட்டின் விமான எண்ணையும் 1-இல் விடாமல் மாற்றிவிடுங்கள். இரண்டு பூட்டு இருப்பது நல்லது.

எதிர் ரேடியோவைக் காற்றின் வழியாகவே மாற்றலாம், வசதிதான். ஆனால் எப்போதும் தூரத்தில் இருப்பதை முதலில் மாற்றிச் சேமியுங்கள், கையில் இருப்பதைப் பிறகு மாற்றுங்கள். தலைகீழாகச் செய்தால் விமானத்தைத் திறந்து ரேடியோவை வெளியே எடுத்து யுஎஸ்பியில் மாட்ட வேண்டி வரும்.

ஆட்டோபைலட் பக்கம்

ரேடியோ மாட்டியிருக்கும் போர்ட்டின் வேகம், ரேடியோவுக்குள் பதிந்த சீரியல் வேகம் இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். பெரும்பாலும் 57600, மெனுவில் 57 என்று சுருக்கிக் காட்டும். நெறிமுறையை, அதாவது விமானமும் தரையும் பேசிக்கொள்ளும் மொழியை, மாவ்லிங்க் 2 என்று வையுங்கள். ரேடியோவிலும் மாவ்லிங்க் அமைப்பை 1-இல் வைத்திருங்கள். அப்போதுதான் செய்திகளை நடுவில் வெட்டாமல் முழுதாக அனுப்பும், சிக்னல் நிலவரத்தையும் ஆட்டோபைலட்டுக்குச் சொல்லும். ஆறு வயர் உள்ள கேபிளில் இரண்டு வயர் "கொஞ்சம் நிறுத்து, இடம் இல்லை" என்று சொல்வதற்கு. சில ரேடியோக்களில் அந்த இரண்டும் உள்ளே எங்கும் இணைந்திருக்காது. அதனால் ஆட்டோபைலட்டில் இந்த அமைப்பைத் தானியங்கியில், அதாவது 2-இல் விட்டுவிடுவதே நிம்மதி.

சிறிய 100 மில்லிவாட் ரேடியோவுக்கு ஆட்டோபைலட் போர்ட்டின் 5 வோல்ட்டே போதும். ஆர்எஃப்டி900 போன்ற ஒரு வாட் ரேடியோவுக்குப் போதாது. முழுச் சக்தியில் அனுப்பும் நொடியில் அது ஓர் ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அதற்குத் தனி 5 வோல்ட் ரெகுலேட்டர் வையுங்கள்.

குறைத்துப் பேசினால் தூரம் கேட்கும்

இணைப்பு அறுகிறது என்றால் எல்லோரும் முதலில் கை வைப்பது சக்தியில்தான். நான் முதலில் கை வைப்பது பேச்சின் அளவில்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 57600 வேகத்தில் ஒரு நொடிக்கு 5760 பைட் போகும். விமானம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று சொல்லும் ஒரு மாவ்லிங்க் 2 செய்தி 40 பைட் வரை வரும். நொடிக்குப் பத்து முறை கேட்டால் 400 பைட். அதோடு இடம், வேகம், பேட்டரி, ஜிபிஎஸ், ரிமோட் சேனல்கள், சென்சார்களின் மூல எண்கள் என்று ஒவ்வொன்றையும் பத்து முறை கேட்டால் குழாய் நிரம்பிவிடும். காற்றில் இருக்கும் வழியோ இன்னும் குறுகலானது. ஏர் ஸ்பீடு 64 என்றால் காகிதத்தில் நொடிக்கு 8000 பைட். ஆனால் இரண்டு ரேடியோவும் முறை வைத்துத்தான் பேச வேண்டும், சேனல் தாவ வேண்டும், நடுவில் இடைவெளி விட வேண்டும். கையில் கிடைப்பது அதைவிட நன்றாகவே குறைவு. பிழைதிருத்தம் போட்டால் ஒவ்வொரு பைட்டும் இரண்டாகப் பெருகி, கிடைப்பது பாதியாகிவிடும்.

வேகத்தைக் குறைத்தால் இதற்கு நேர்மாறாக லாபம் வரும். ஏர் ஸ்பீடைப் பாதியாக்கினால் ரேடியோ சுமார் 3 டெசிபெல் (சிக்னல் பலத்தை ஒப்பிடும் அளவு) மெல்லிய சிக்னலையும் பிடிக்கும். 64-இலிருந்து 16-க்கு இறக்கினால் சுமார் 6 டெசிபெல். திறந்த வெளியில் 6 டெசிபெல் என்றால் தூரம் இரண்டு மடங்கு. அதைச் சக்தியை வைத்து எட்ட வேண்டும் என்றால் நாலு மடங்கு சக்தி வேண்டும்: பேட்டரி, சூடு, விதி எல்லாம் குறுக்கே வரும்.

என் மேப்பிங் விமானத்தில் சாய்வு நொடிக்கு 4 முறை, இடம் 2 முறை, மற்றவை ஒன்று அல்லது இரண்டு முறை. சென்சார்களின் மூல எண்கள் பூஜ்யம். ஆட்டோபைலட்டே அவற்றை மெமரி கார்டில் எழுதிக்கொள்கிறது, காற்றில் எதற்கு? ஏர் ஸ்பீடு 32. இந்த இடத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள்: ஆட்டோபைலட்டில் இந்த எண்களைக் குறைத்திருப்பார்கள், ஆனால் தரை மென்பொருள் இணைந்த உடனே தன் கணக்கில் இருக்கும் வேகத்தைக் கேட்டு, பழையபடி ஏற்றிவிடும். மிஷன் பிளானரின் அமைப்புப் பக்கத்தில் டெலிமெட்ரி ரேட் என்று இருக்கும் இடத்திலும் அதே எண்களை வையுங்கள்.

சத்தத்துக்கு மேலே எவ்வளவு நிற்கிறீர்கள்

பச்சை விளக்கு அசையாமல் எரிந்தால் இரண்டு ரேடியோவும் ஒன்றையொன்று கண்டுகொண்டன என்று மட்டும்தான் பொருள். எவ்வளவு தாங்கும் என்று அது சொல்லாது. அதைச் சொல்வது இரண்டு எண்கள்: சிக்னல் பலம், பின்னணிச் சத்தம் (காதில் கேட்பதல்ல, சுற்றியுள்ள மின்கருவிகள் கிளப்பும் ரேடியோ இரைச்சல்). ரேடியோ இரண்டையும் ஒரே அளவுகோலில் தரும். அந்த எண்ணை 1.9-ஆல் வகுத்து 127-ஐக் கழித்தால் டிபிஎம், அதாவது சக்தியை டெசிபெல்லில் சொல்லும் அளவு, கிடைக்கும். நமக்கு வேண்டியது வித்தியாசம்தான்: சிக்னலிலிருந்து சத்தத்தைக் கழித்து 1.9-ஆல் வகுங்கள். வருவதுதான் உங்கள் கையிருப்பு, டெசிபெல்லில்.

உதாரணமாக 250 மீட்டரில் சிக்னல் 95, சத்தம் 38. வித்தியாசம் 57, வகுத்தால் 30 டெசிபெல். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 போகும். 500 மீட்டரில் 24, ஒரு கிலோமீட்டரில் 18, இரண்டில் 12, நாலில் 6. நான் 10-க்குக் கீழே இறங்குவதில்லை, ஏனென்றால் விமானம் திரும்பும்போது ஆன்டெனா சாய்ந்தாலே பல டெசிபெல் காணாமல் போகும். ஆக இந்த ஜோடி எனக்கு இரண்டு கிலோமீட்டர் விமானம், அதற்கு மேல் இல்லை.

சத்தத்தின் எண்ணைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது ஒரு கேமரா. புதிதாக மாட்டிய பிறகு விமானம் 300 மீட்டர் தாண்டினாலே இணைப்பு விட்டுவிட்டு வந்தது. முந்தைய வாரம்வரை அதே ரேடியோ இரண்டு கிலோமீட்டர் போயிருந்தது. ஆன்டெனாவை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், சக்தியை ஏற்றினேன். எதுவும் ஆகவில்லை. கடைசியில் விமானத்தைத் தரையில் வைத்து, திரையில் எதிர்ப்பக்கச் சத்தத்தைப் பார்த்தபடி ஒவ்வொரு கருவியாக இயக்கினேன். ஆட்டோபைலட் மட்டும்: 38. ஜிபிஎஸ்: 38. மோட்டார் வேகக் கட்டுப்பாட்டிகள்: 40. கேமராவின் பொத்தானை அழுத்தினேன்: 76.

38 எண் ஏறினால் 20 டெசிபெல். 20 டெசிபெல் போனால் தூரம் பத்தில் ஒரு பங்கு. ரேடியோ பழுதாகவே இல்லை, அதன் காதருகே யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். கேமராவின் பட வயர் ஆன்டெனாவுக்கு இரண்டு விரல் தூரத்தில் ஓடியிருந்தது. ஆன்டெனாவை வால் பக்கம் தள்ளி, பட வயரில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் போட்டேன். எண் 44-க்கு இறங்கியது.

இதை நீங்களும் ஒரு முறை செய்துவிடுங்கள், பத்து நிமிடம் ஆகும். ஒன்றை நினைவில் வையுங்கள்: தரைத் திரையில் "லோக்கல்" என்று வருவது தரை ரேடியோ, "ரிமோட்" என்று வருவது விமானத்தில் இருப்பது. விமானத்தின் பதிவுக் கோப்பைத் திறந்தால் தலைகீழ், அங்கே லோக்கல் என்பது விமானம். தரைப்பக்கச் சத்தம் அதிகமாக இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் மடிக்கணினியேதான். யுஎஸ்பி 3 போர்ட்டின் பக்கத்திலேயே ரேடியோ தொங்கினால் இன்னும் மோசம்.

ஆன்டெனா எங்கே நிற்கிறது

தரை ரேடியோவை மேஜை மேல் வைக்காதீர்கள். ஒரு கம்பில் கட்டி இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் நிறுத்துங்கள். நீளமான யுஎஸ்பி வயர் போடுங்கள், ஆன்டெனா வயரை நீட்டாதீர்கள். மெல்லிய ஆன்டெனா வயர் இந்த அலைவரிசையில் மீட்டருக்கு ஒரு டெசிபெல் அளவுக்குத் தின்றுவிடும், யுஎஸ்பி வயர் சிக்னலைத் தின்னாது.

உயரம் ஏன் வேண்டும் என்றால், ரேடியோ அலை நூல் பிடித்தது போல ஒரே கோட்டில் போவதில்லை. நடுவில் உப்பிய ஒரு குழாயாகப் போகிறது. 915 மெகாஹெர்ட்ஸில் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு நடுவில் அதன் ஆரம் 9 மீட்டர். விமானம் கண்ணுக்குத் தெரிந்தாலும் நடுவில் உள்ள மரங்கள் அந்தக் குழாய்க்குள் தலையை நீட்டினால் சிக்னல் குறையும். தாழப் பறக்கும் விமானம் தூரத்தில் அறுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இரண்டு ஆன்டெனாவும் செங்குத்தாக இருக்கட்டும். ஒன்று நின்று, இன்னொன்று படுத்தால் 20 டெசிபெல் வரைகூட இழக்கலாம். குச்சி ஆன்டெனா தன் பக்கவாட்டில்தான் நன்றாகப் பேசும், நுனியின் திசையில் கிட்டத்தட்ட ஊமை. அதனால் தலைக்கு நேர் மேலே பறக்கும்போது இணைப்பு மங்கினால் பயப்பட வேண்டாம், ஆன்டெனாவை விமானத்தை நோக்கிச் சாய்க்கவும் வேண்டாம். விமானத்தில் கார்பன் ஃபைபர் தகட்டுக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள், அது அலையைத் தடுக்கும். ஜிபிஎஸ், ரிமோட்டின் ரிசீவர், வீடியோ அனுப்பி மூன்றிலிருந்தும் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள்.

பறக்கும் முன் நடந்து பாருங்கள்

நான் செய்யும் சோதனை இது. இரண்டு ரேடியோவின் சக்தியையும் 20 டிபிஎம்மிலிருந்து 2-க்கு இறக்குவேன். 18 டெசிபெல் குறைவு, அதாவது தூரம் எட்டில் ஒரு பங்கு. நண்பர் ஒருவர் விமானத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நடப்பார், நான் திரையைப் பார்ப்பேன். 100 மீட்டரில் கையிருப்பு 10 டெசிபெல்லுக்கு மேல் நின்றால், முழுச் சக்தியில் 800 மீட்டருக்கு அது தாங்கும் என்று எடுத்துக்கொள்வேன். தரையை ஒட்டி நடக்கும்போது சிக்னல் இன்னும் அதிகமாகவே அடிபடும், அதனால் வானத்தில் இதைவிட நன்றாகத்தான் இருக்கும். நண்பரை ஒரு சுற்று சுற்றி நிற்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் திரும்பும்போது எண் விழுகிறதோ, அந்தப் பக்கம் விமானத்தின் உடம்பில் ஏதோ மறைக்கிறது. முடிந்ததும் சக்தியை மறக்காமல் மறுபடி ஏற்றிவிடுங்கள். நான் ரேடியோ மேல் சிவப்பு டேப் ஒட்டிவிட்டுத்தான் இந்தச் சோதனையைத் தொடங்குவேன்; சக்தியை ஏற்றிய பிறகுதான் டேப்பைக் கிழிப்பேன்.

எல்லாம் சரியாக இருந்தும் அறுந்தால் என்ன ஆகும் என்பதை நீங்கள்தான் முன்பே முடிவு செய்ய வேண்டும். தரை நிலையம் நொடிக்கு ஒரு முறை இதயத்துடிப்பு போல ஒரு செய்தி அனுப்பும். ஆர்டுபைலட்டில் அது 5 நொடி வராவிட்டால் திரும்பி வீட்டுக்கு வரச் சொல்லலாம், இறங்கச் சொல்லலாம், எதுவும் செய்யாமல் போட்ட திட்டத்தைத் தொடரச் சொல்லலாம். ஆனால் இந்த வசதி உங்கள் விமானத்தில் அணைந்தே இருக்கலாம், அதனால் திறந்து பாருங்கள். ரிமோட் அறுந்ததைக் கவனிக்கும் அமைப்பு வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ரிமோட் என் கையில் உயிரோடு இருக்கும்வரை டெலிமெட்ரி அறுந்ததற்காக விமானம் அவசரப்பட்டு இறங்குவதை நான் விரும்புவதில்லை. அதனால் என்னுடையது திரும்பி வரும்படி வைத்திருக்கிறேன். திரும்பும் உயரம் சுற்றியுள்ள மரத்துக்கும் கோபுரத்துக்கும் மேலே இருக்கிறதா என்பதையும் அதோடு பாருங்கள்.

ஒவ்வொரு பறத்தலுக்குப் பிறகும் பதிவுக் கோப்பில் ரேடியோவின் வரிகளைத் திறந்து, சிக்னல், சத்தம் இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்க்கிறேன். மிகத் தூரமான புள்ளியில் என்ன கையிருப்பு என்று நோட்டில் ஓர் எண் எழுதுகிறேன்: 14, 13, 14, 13. போன மாதம் ஒரு நாள் அது 8 என்று வந்தது. பறத்தலில் எந்தக் குறையும் தெரியவில்லை, ஒரு செய்திகூடத் தவறவில்லை. விமானத்தைத் திறந்து பார்த்தேன். வாலில் ஆன்டெனா வயர் வளையும் இடத்தில் மேல் உறை விரிந்து, உள்ளே இருந்த வலை நாலைந்து இழை தவிர எல்லாம் அறுந்திருந்தது. வயரை மாற்றி, வளைவைக் கொஞ்சம் பெரிதாக்கி ஒட்டினேன். அடுத்த முறை 14.